டாக்டரோட முழங்கைக்கு ஒரு இடம்

எங்க தெருவுல குஷன்காரர்னு ஒருத்தர் இருக்காரு. பெத்தவங்க வெச்ச பேரு வேற. அது எனக்குத் தெரியும், அவரோட அடையாள அட்டைய ஜெராக்ஸ் எடுத்தவன் நான். ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு அவரு பாட்டுக்குப் போய்ட்டிருப்பாரு.

எனக்கு ஜெராக்ஸ் கடை, அவருக்கு அடுத்த கடை. நடுவுல ஒரே ஒரு செவுரு. அதைச் செங்கல்ல கட்டினாங்களா அட்டையில கட்டினாங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம். அவரு தும்முனா நான் மூக்கைத் தொடைச்சுக்குவேன். அதனால அவரு சங்கதி எதையும் நான் தேடிப் போய்த் தெரிஞ்சுக்கிட்டது கெடையாது. பாதி செவுரு வழியா வந்துச்சு, மீதி என் மிஷின் வழியா வந்துச்சு.

ஆளு ஒல்லி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின தழும்பு, நகத்தைச் சுத்தி எப்பவும் காஞ்ச பசை. எங்க போனாலும் உக்கார்றதுக்கு முன்னாடி அந்த இருக்கைய கட்டைவிரலால அமுக்கிப் பாப்பாரு. ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க நாங்க ரெண்டு பேரும் போனோம். அங்கயும் சோபாவை அமுக்கினாரு. அமுக்கிட்டு, எறந்தவரோட மருமகன் காதுல, "உள்ள பழைய துணிய அடைச்சு ஏமாத்திருக்கான்"னாரு. அதுவரைக்கும் அழாம இருந்த அந்த மருமகன் அப்பத்தான் அழுதாரு.

பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறை ஒண்ணுல பதினஞ்சு வருஷம் சீட்டு தச்சவரு இவரு. அங்க ஃபோர்மேன் யாருன்னா இவரோட சகலை, அதாவது இவரு சம்சாரத்தோட அக்கா வீட்டுக்காரரு. இதுல ஒரு சிக்கல் இருக்கு. சகலைக்கு இவரை விட ரெண்டு வயசு கம்மி. ஆனா கட்டினது அக்காவை. முறைன்னு வந்தா அவருதான் பெரியவரு. இவரு அவரை அண்ணேன்னு கூப்பிடணும், அவரு இவரைத் தம்பின்னு கூப்பிடுவாரு. வீட்டுலயும் தம்பி, பட்டறையிலயும் தம்பி. தலை நரைச்சது தம்பிக்கு, டை அடிச்சுக்கிறது அண்ணன்.

பஸ் சீட்டுங்கிறது ஒரே அச்சுல வார்க்கிற வேலை. நாப்பத்தெட்டு பேரு உக்காருவாங்க, நாப்பத்தெட்டு பேருக்கும் ஒரே இடுப்புன்னு நெனச்சுக்கிட்டுத்தான் தைக்கணும். இவருக்கு அது பிடிக்கல. ஒரு தடவை டிரைவர் சீட்டு தைக்கும்போது, அந்த பஸ்ஸை ஓட்டப்போற டிரைவரையே கூப்பிட்டு ஸ்பாஞ்சு மேல உக்கார வெச்சு, சாக்பீஸால சுத்தி வரைஞ்சு, அவரு உடம்புக்குன்னே ஒரு சீட்டு தச்சுட்டாரு. டிரைவர் நல்லா அகலமான ஆளு. ஜென்மத்துல முதல் தடவையா எனக்குன்னு ஒரு இடம் கெடைச்சிருக்குன்னு கண்ணு கலங்கிட்டாராம். சகலை வந்து பாத்தாரு. மத்த சீட்டையும் பாத்தாரு. ஒரே வார்த்தைதான் சொன்னாரு. "பிரி."

அத்தனை பேரு முன்னாடி, அந்த டிரைவரு முன்னாடியும், உக்காந்து தையல் தையலாப் பிரிச்சாரு நம்ம ஆளு. மறுநாள் வேலைக்குப் போகல. இனிமே ஆளைப் பாக்காம ஒரு தையல் கூடப் போடமாட்டேன்னு சொல்லிட்டு எனக்கு அடுத்த கடைய வாடகைக்கு எடுத்துட்டாரு.

அவரு சம்சாரம் மருந்துக்கடையில பில் போடுறவங்க. எதையும் தேதி பாத்துத்தான் எடுப்பாங்க, தேதி பாத்துத்தான் குடுப்பாங்க. புருஷனுக்கும் தேதி குறிச்சாங்க. ஆறு மாசம். அதுக்குள்ள, ஊருல நாலு பேருகிட்ட சொல்லிக்கிற மாதிரி பெரிய வேலை ஒண்ணைச் செஞ்சு, செய்யச் சொன்னவரு மனசு நெறஞ்சு அதை எடுத்துட்டுப் போகணும். இல்லன்னா ஆறு மாசம் முடிஞ்ச திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு, மறுபேச்சு பேசாம பட்டறைக்குப் போய்டணும். சகலையும் இதுக்கு ஒத்துக்கிட்டு இடத்தைக் காலியா வெச்சிருந்தாரு. வீட்டுக்கு வரும்போதெல்லாம், "உன் மிஷின் அப்படியேதான் இருக்கு தம்பி, தூசி படாம துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்"ம்பாரு. கேக்குறதுக்கு அக்கறை மாதிரி இருக்கும். நம்ம ஆளுக்கு அது பொணத்து மேல போத்துற துணி மாதிரி கேக்கும்.

முதல் அஞ்சு மாசம் ஸ்கூட்டர் சீட்டும் ஆஸ்பத்திரி பெஞ்சுமா ஓடுச்சு. முடிவெட்டுற கடைக்கு ஒரு நாற்காலி செஞ்சு குடுத்தாரு. அதுல தலை சாயுற எடத்துல ஒரு சின்னப் பள்ளம் வெச்சிருந்தாரு பாருங்க, அங்கதான் அதிர்ஷ்டம் வந்து தலைய வெச்சுது. ஒரு பல் டாக்டர் முடிவெட்டிக்க வந்தவரு, பாதியில தூங்கிட்டாரு. எழுந்ததும் முடி எப்படி இருக்குன்னு பாக்கல, நாற்காலிய யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. நாற்காலியோட அருமை பல் டாக்டருக்குத்தானே தெரியும்.

டாக்டர்கிட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்துச்சு. ரெண்டே பேரு உக்கார்ற கார், மேல கூரை கெடையாது. தரையோட தரையா இருக்கும். மத்த காருல ஏறுவோம், இதுல எறங்கணும். யாரோ வீட்டுக் கொட்டகையில இருபது வருஷமாக் கெடந்ததை வாங்கி, எஞ்சினைச் சரி பண்ணி, பெயிண்ட் அடிச்சு, ஆசையா வெச்சிருந்தாரு. ஆனா உள்பக்கம் எலி குடும்பம் நடத்திருந்துச்சு. கதவோட உள்பக்கத்தை மூடியிருக்குமே ஒரு பலகை, கை வெச்சுக்க மேடை, பேப்பர் வெச்சுக்க பை எல்லாம் சேத்து, அதை டோர் பேட்னு சொல்லுவாங்க. ரெண்டு கதவுலயும் அது இத்துப்போயி, தகரம் பல்லை இளிச்சுட்டு நின்னுச்சு. புதுசு எங்கயும் கெடைக்காது, அந்த காரைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. அதைக் கையால செஞ்சு தர முடியுமான்னு டாக்டர் கேட்டாரு.

நம்ம ஆளு காருக்குள்ள தலைய விட்டுப் பாத்தாரு, தகரத்தைத் தட்டிப் பாத்தாரு, அப்புறம் டாக்டரை மேலயும் கீழயும் பாத்தாரு. "காருக்குச் செய்ய மாட்டேன் டாக்டர். உங்களுக்குச் செய்றேன்"னாரு. டாக்டர் அப்படியே விழுந்துட்டாரு.

ஆறு மாசம் முடியுறதுக்கு அப்ப மூணு வாரம் இருந்துச்சு. கெடு முடியுற ஞாயித்துக்கிழமைதான் டாக்டருக்கும் லீவு. அன்னிக்கே வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. சம்சாரத்துக்குத் தகவல் போச்சு, சம்சாரம் மூலமா அக்காவுக்குப் போச்சு, அக்கா மூலமா சகலைக்குப் போச்சு. நானும் அங்கங்க ரெண்டு பேருக்குச் சொன்னேன். ஒரு நாப்பது பேரு இருக்கும்.

இப்ப தப்பு நடந்த எடத்துக்கு வரேன். மறைக்க ஒண்ணுமில்ல, முதல்லயே சொல்லிடுறேன்.

சீட்டு ரெண்டும் காருல இல்ல. அடியில இருக்குற இரும்புச் சட்டம் துருப்பிடிச்சுப் போச்சுன்னு வெல்டர்கிட்ட குடுத்திருந்தாங்க. அந்த வெல்டருக்கு எங்க தெருவுல 'நாளைக்கு'ன்னு பேரு. எப்பக் கேட்டாலும் அதான் பதில். ஸ்டீரிங்கும் இல்ல, அதை டாக்டரே கழட்டிட்டுப் போயி வீட்டுல பாலிஷ் போட்டுட்டிருந்தாரு. ஆனா நம்ம ஆளுக்கு அளவெடுத்தாகணும். அதுவும் டாக்டர் உக்காந்த நெலமையில. அவரு முழங்கை எங்க வந்து விழுது, கை தொங்குனா விரல் எங்க படுது, முட்டி எங்க இடிக்குது, இதெல்லாம் பாத்துத்தான் பலகைய வெட்டுவாரு. சீட்டு வரட்டுமேன்னு டாக்டர் கேட்டாரு. வெல்டரை நம்பி உக்காந்தா நமக்கு வயசாயிடும்னு இவரு சொல்லிட்டு, என் கடைக்குள்ள வந்து எட்டிப் பாத்தாரு. மூலையில ஜெராக்ஸ் பேப்பர் பெட்டி ஒண்ணு, பிரிக்காதது, கல்லு மாதிரி இருந்துச்சு. அதைத் தூக்கிட்டுப் போயிக் காருக்குள்ள வெச்சாரு. டாக்டருக்கு அழுத்தக்கூடாதுன்னு மேல ஒரு ஸ்பாஞ்சு வேற.

அந்த காரோட சீட்டு தரையிலருந்து அரை சாண்தான் இருக்கும். என் பெட்டியும் ஸ்பாஞ்சும் சேந்து ஒரு சாணுக்கு மேல. கூரை இருந்திருந்தா டாக்டர் தலை இடிச்சிருக்கும், விஷயம் அங்கயே வெளிச்சமாயிருக்கும். கூரைதான் இல்லையே. டாக்டர் முன்கண்ணாடிக்கு மேல தலை நீட்டிக்கிட்டு, ஊர்வலத்துல போற ஆளு மாதிரி உக்காந்திருந்தாரு. கையில ஸ்டீரிங்குக்குப் பதிலா, கடையில பசை கலக்குற தட்டு.

"கொஞ்சம் ஒசரமா இருக்கோ"ன்னு டாக்டர் மெதுவாக் கேட்டாரு.

"அசையாதீங்க டாக்டர்"னாரு நம்ம ஆளு, வாயில சாக்பீஸைக் கவ்விக்கிட்டு. "இன்னும் ரெண்டே நிமிஷம்."

பாவம், வாழ்நாள் பூரா இதே வார்த்தைய அடுத்தவங்களுக்குச் சொன்ன மனுஷன். கப்புனு அடங்கிட்டாரு. நம்ம ஆளு இருமச் சொன்னாரு, டாக்டர் இருமினாரு. பர்ஸ் எடுக்கச் சொன்னாரு, எடுத்தாரு. யாரையோ பாத்துக் கையாட்டச் சொன்னாரு, என்னைப் பாத்து ஆட்டினாரு. முழங்கை பட்ட எடத்துலயெல்லாம் கதவுத் தகரத்துல சாக்பீஸ் கோடு விழுந்துச்சு. நம்ம ஆளு கண்ணு முழங்கைய விட்டு நகரவே இல்ல. எனக்கு ஏதோ உறுத்துச்சு. ஒட்டகம் ஏன் காருக்குள்ள உக்காந்திருக்குன்னு ஒரு எண்ணம் வந்துட்டுப் போச்சு. ஆனா அப்பத்தான் ஒரு பொண்ணு மார்க் ஷீட்டு ஜெராக்ஸுக்கு வந்துச்சு, எனக்கு மார்க்கைப் பாக்குற ஆர்வத்துல அது மறந்துபோச்சு.

அப்புறம் மூணு வாரம் நடந்தது தவம். முதல்ல அட்டையில வெட்டி வெட்டிக் கதவுல வெச்சுப் பாத்தாரு. பதினோரு அட்டை. எல்லாம் என் பேப்பர் வந்த பெட்டிங்கதான். அப்புறம் மெல்லிசான ப்ளைவுட்டுல அறுத்தாரு. அது மேல ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சு மேல தோல். ரெக்சின் இல்ல, நெஜத் தோல், பழுத்த பேரீச்சம்பழ நெறம். கை வெச்சுக்கிற மேடைய மட்டும் தனியா மரத்துல செதுக்கி, டாக்டரோட முழங்கை எலும்பு உக்கார ஒரு பள்ளம் வெச்சாரு. அதுக்குக் கீழ பை. கண்ணாடி ஏத்தி எறக்குற கைப்பிடிக்கு ஒரு ஓட்டை. கதவுல வெச்சா டக்குனு உக்காந்துச்சு. ஒரு முடி உள்ள போகாது.

பசை காயிறதுக்குப் பாரம் வெக்கணும். கடையில எடம் பத்தல, வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எடுத்துட்டுப் போய்ட்டாரு. எட்டு நாள் அந்த வீட்டுல நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க. மாவு டப்பா, இஸ்திரிப் பெட்டி, குக்கர், எல்லாம் மேசை மேல ஏறுச்சு. அதுவும் போதலன்னு சம்சாரத்தை அது மேல உக்காரச் சொன்னாராம். மருந்துக்கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து, பலகை போட்டுட்டு அதுக்கு மேல உக்காந்து டிவி பாத்தாங்களாம். "கல்யாணமாகி இவரு எனக்குக் குடுத்த முதல் சீட்டு அதுதான்"னு அவங்களே எங்கிட்டச் சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. ஆனா திங்கக்கிழமையப் பத்திக் கேட்டப்போ சிரிக்கல. "தேதின்னா தேதிதாண்ணே"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. நான் ஞாயித்துக்கிழமை கடை தெறக்கிறதில்ல. அன்னிக்குத் தெறந்தேன்.

காலையில ஒன்பது மணிக்கு டோர் பேட் ரெண்டையும் கதவுல மாட்டியாச்சு. பாத்தவங்க வாயத் தெறந்து நின்னாங்க. நானும் கேலி பேசறவன்தான், ஆனா அன்னிக்குக் கேலி பண்ண ஒரு எடம் கெடைக்கல. தோலு மேல தையல் போன விதம், எறும்பு வரிசையாப் போற மாதிரி. டாக்டர் ஸ்டீரிங்கோட வந்துட்டாரு, கூட அவரு வீட்டம்மா, குள்ளமா, கறாரா. சகலையும் சம்சாரத்தோட வந்துட்டாரு, தலை கருகருன்னு. பத்தரை மணிக்கு 'நாளைக்கு' ஆட்டோவுல சீட்டு ரெண்டையும் கொண்டாந்து எறக்கினான். தெருவே கை தட்டுச்சு. அவனுக்கு வெக்கமாப் போச்சு.

சீட்டை மாட்டினாங்க. ஸ்டீரிங்கை மாட்டினாங்க. டாக்டர் காலை உள்ள விட்டு, மெள்ள எறங்கி, எறங்கி, எறங்கி உக்காந்தாரு. முகமெல்லாம் சிரிப்பு. முழங்கைய மேடையில வெச்சாரு.

கை தோளுக்கு மேல போய்டுச்சு.

வகுப்புல சந்தேகம் கேக்குற பையன் மாதிரி கைய ஒசத்திக்கிட்டு உக்காந்திருக்காரு டாக்டர். சிரிப்பு இன்னும் முகத்துலதான் இருக்கு, ஆனா கண்ணு எங்களையெல்லாம் ஒவ்வொருத்தராப் பாக்குது. அந்தப் பக்கம் அவரு வீட்டம்மா உக்காந்தாங்க. அவங்களுக்கு மேடை காதுக்கிட்ட வந்துச்சு. ஃபோன் பேசுற மாதிரியே இருந்துச்சு. 

நம்ம ஆளு டாக்டரைப் பாத்தாரு, சீட்டைப் பாத்தாரு, அப்புறம் மெதுவாத் திரும்பி என் கடை மூலையப் பாத்தாரு. நான் மிஷினைத் தொடைச்சுட்டிருந்தேன்.

சீட்டைத் தூக்கி வெச்சா சரியாயிடும்னு 'நாளைக்கு' சொன்னான். தூக்கினா முட்டி ஸ்டீரிங்குல இடிக்கும், தலை கண்ணாடிக்கு மேல போகும், டாக்டர் ஓட்டுறதா நின்னு பாக்குறதான்னு அவனை அடக்கினாங்க. மேடையத்தான் கீழ எறக்கணும். முக்கா சாண். ஆனா கீழ பை இருக்கு. பையை எடுத்தா தோல்ல தையல் ஓட்டை. மேடைய எடுத்தா ஸ்க்ரூ ஓட்டை. முழுசா மாத்த வேற தோல் கெடையாது. டாக்டர் எழுந்துட்டாரு. கோவப்படல, அதுதான் கொடுமை. "பரவால்லீங்க, அழகாத்தான் இருக்கு"ன்னாரு, பல்லு புடுங்கின ஆளுக்கு ஆறுதல் சொல்ற குரல்ல.

சகலை சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தேவல. கிட்ட வந்து இவரு தோள்ல கை போட்டாரு. "விடு தம்பி. ஆளைப் பாத்தே, சீட்டைப் பாக்கல, அவ்வளவுதான். காலையில எட்டு மணி."

நம்ம ஆளு அந்தக் கைய எறக்கி விடல. தன் சம்சாரத்தைப் பாத்தாரு. அந்தம்மா பாத்த பார்வையில தப்பிக்க வழி இல்ல, ஆனா ஒண்ணு இருந்துச்சு: கையில கட்டியிருந்த கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாங்க. பதினொண்ணு கூட ஆகல. ஞாயித்துக்கிழமை இன்னும் முடியல.

டாக்டர்கிட்ட அஞ்சு மணி வரைக்கும் டைம் கேட்டாரு. டாக்டர் வீட்டம்மாவைப் பாத்தாரு. வீட்டம்மா ஒரு நாற்காலி கேட்டாங்க. இங்கயே இருக்கோம்னாங்க.

டோர் பேட் ரெண்டையும் கழட்டிக் கடை மேசையில போட்டாரு. மேடையக் கீழ கொண்டு போறது, பையை மேல கொண்டு வர்றது. மேல இருக்குற ஸ்க்ரூ ஓட்டைய பை மூடும், கீழ இருக்குற தையல் ஓட்டைய மேடை மூடும். யோசனை சரிதான். ஆனா பை அகலம், மேடை குறுகல். பழைய தையலோட ரெண்டு நுனியும் வெளிய தெரியும். அதைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்னு குனிஞ்சு பையோட தையலப் பிரிக்க ஆரம்பிச்சாரு.  ஊசி ரெண்டு தடவை தோலைக் கீறுச்சு.

சகலை பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தாரு. ஃபோர்மேன் ஆகுறதுக்கு முன்னாடி அவரும் தச்சவருதான், அதுவும் பிரிக்கிறதுல அவரு மாதிரி ஆள் கெடையாதுன்னு பட்டறையில சொல்லுவாங்க. ஒருத்தன் தப்பாப் பிரிக்கிறதைப் பாத்துட்டு அவரால சும்மா இருக்க முடியாது. ஒரு கால்ல நின்னாரு, மறு கால்ல நின்னாரு. தலையச் சொறிஞ்சாரு, டை விரல்ல வந்துச்சு. அவரு சம்சாரம் பாத்துட்டு, "உக்காந்துதான் பிரிங்களேன், ஏன் கால்ல வெந்நி ஊத்தின மாதிரி நிக்கிறீங்க"ன்னாங்க. அவ்வளவுதான் தேவைப்பட்டுச்சு. சட்டைக் கைய மடிச்சுட்டு உக்காந்துட்டாரு.

அடுத்த நாலு மணி நேரம் நான் பாத்ததை என் பேரப்பிள்ளைங்களுக்கும் சொல்லுவேன். அண்ணன் பிரிக்கிறாரு, தம்பி சொல்றாரு. அப்படி இழுக்காதீங்கண்ணே, தோல் விரியும். அந்த முடிச்சை விட்டுட்டு அடுத்ததைப் பிடிங்கண்ணே. மரியாதை ஒரு சொட்டு கொறையல, ஆனா வேலை சொன்னது தம்பி. சகலையும் சரி தம்பி, சரி தம்பின்னு செஞ்சுட்டே இருந்தாரு. தான் என்ன செய்றோம்னு அவருக்கு மூணு மணிக்குத்தான் ஒறைச்சுது. அப்ப கொஞ்சம் நிமிந்து உக்காந்தாரு. ஆனா கையில ஊசி இருந்துச்சு, விட மனசு வரல.

நடுவுல இன்னொரு காரியம். இந்தத் தடவை டாக்டரை நெஜச் சீட்டுல உக்கார வெச்சு அளந்தாரு. வீட்டம்மாவையும் தனியா உக்கார வெச்சு அளந்தாரு. அவங்களுக்கு மேடை இன்னும் ரெண்டு விரல் கீழ வரணும். ரெண்டு கதவும் ரெண்டு மாதிரி இருந்தா நல்லா இருக்குமான்னு டாக்டர் இழுத்தாரு. வேற யாரு அந்தப் பக்கம் உக்காரப் போறாங்கன்னு வீட்டம்மா கேட்டாங்க. டாக்டர் ரெண்டு மாதிரியே இருக்கட்டும்னுட்டாரு.

கடைசியில அந்தத் தையல் நுனி. மேடைக்கு ரெண்டு பக்கமும் ஓட்டை வரிசை பளிச்சுனு தெரிஞ்சுது. நம்ம ஆளு மெழுகு தேச்சுப் பாத்தாரு, கலர் தடவிப் பாத்தாரு. ஒண்ணும் நடக்கல. அப்ப சகலை மெதுவாச் சொன்னாரு. "பட்டி போடு."

பஸ் சீட்டுல கிழிசல் விழுந்தா மேல ஒரு நீளப் பட்டி வெச்சுத் தச்சு மறைப்பாங்க. பட்டறையில தெனம் செய்ற வேலை. நம்ம ஆளுக்கு மொகம் போன போக்கைப் பாக்கணும். எந்த பஸ் வேலைய விட்டு ஓடி வந்தாரோ அது இந்தக் காருக்குள்ள வந்து உக்காரப் போகுது.  அப்புறம் மிச்சம் இருந்த தோல்ல விரல் அகலத்துக்குக் கதவுக்கு ஒரு பட்டி அறுத்தாரு. கதவோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பட்டி. அதை யாரு தச்சதுன்னு கேக்குறீங்களா? சகலைதான். நேர்கோட்டுத் தையல்ல அவரை அடிச்சுக்க முடியாது, நாப்பத்தெட்டு சீட்டு ஒரே மாதிரி தச்ச கை.

நாலே முக்காலுக்கு மாட்டினாங்க. டாக்டர் எறங்கி உக்காந்தாரு. கைய வெச்சாரு. முழங்கை பள்ளத்துல போயி, தன் வீட்டுக்குப் போற மாதிரி, அடங்கிடுச்சு. ரெண்டு தடவை எடுத்து எடுத்து வெச்சுப் பாத்தாரு. கண்ணை மூடினாரு. எனக்கு எங்க திரும்பவும் தூங்கிடுவாரோன்னு பயமாப் போச்சு.

வீட்டம்மா மட்டும், பை ஏன் தோள்கிட்ட இருக்குன்னு கேட்டாங்க. எல்லாரும் நம்ம ஆளைப் பாத்தோம். அவரு தொண்டையச் செருமிக்கிட்டு, "இவ்வளவு தாழ்வா உக்காந்துட்டு இன்னும் கீழ குனிஞ்சு தேடினா ரோடு தெரியாதும்மா"ன்னாரு. பொய்தான். ஆனா சொல்லி முடிச்சப்போ அவருக்கே அது சரின்னு பட்டுச்சு, மொகத்துல தெரிஞ்சுது. வீட்டம்மா மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதுல போட்டாங்க, எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க. நல்லாத்தான் இருக்குன்னாங்க. கார் கிளம்பிப் போச்சு. டாக்டர் திரும்பிப் பாக்கல. கை அந்த எடத்தை விட்டு அசைஞ்சாத்தானே.

சகலை கைய கழுவிட்டுப் போய்ட்டாரு. நம்ம ஆளோட சம்சாரம் மேசையத் தொடைச்சாங்க.  போறப்ப, "காலையில கடைக்குப் போறப்ப எனக்கும் சேத்து டிபன் கட்டிடுங்க"ன்னுட்டுப் போனாங்க. கடைன்னாங்க, பட்டறைன்னு சொல்லல. நான் செவுத்துல காதை வெச்சிருந்தேன், தெளிவாக் கேட்டுச்சு.

திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்குறப்ப அவரு ஏற்கெனவே கடையில உக்காந்திருந்தாரு. எட்டேகாலுக்கு ஃபோன் அடிச்சுது. சகலை. டாக்டர் ஏதாவது குறை சொன்னாரான்னு கேட்டாரு. இல்லண்ணேன்னாரு இவரு.  அப்புறம், உன் எடத்துக்கு ஆள் எடுத்துட்டேன், இப்பத்தான் உக்காந்தான்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு. பட்டி யோசனை தன்னோடதுன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காருன்னு எனக்கு வேற வழியாத் தகவல் வந்துச்சு.

இவரு ஃபோனைக் கீழ வெச்சுட்டு வெளிய வந்தாரு. சந்தோஷப்படுவாருன்னு பாத்தா மொகம் வெளிறிப் போயிருந்துச்சு.

"ஜெராக்ஸு, அப்ப இனிமே நெஜமாவே போக எடம் இல்ல, இல்ல?"

இல்லன்னேன். அவரு தெருவ இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை பாத்தாரு. எதுத்த கடைக்காரரு ஸ்டூலை வெளிய எடுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு. நம்ம ஆளு நேரா ரோட்டைத் தாண்டிப் போனாரு, அவரை எழுந்திருக்கச் சொன்னாரு, ஸ்டூலைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்துட்டு, இதுல எப்படிய்யா நாள் பூரா உக்கார்றேன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு.